மாடித் தோட்டத்தில் பட்டாம்பூச்சி வளர்ப்பு: எது கோளாறு, எங்கே பார்ப்பது?

தை பிறந்து மழை முழுசாக விலகியதும் சென்னை மொட்டை மாடிகளில் பட்டாம்பூச்சிக்காகச் செடி வைக்கும் வேலை தொடங்கிவிடும். சரியான பருவம்தான். விடியலில் 20, 21 டிகிரி, பகல் வெயிலும் சுடாது. மாசிக்குள் வேர் பிடித்த செடிதான் சித்திரை வெயிலைத் தாங்கும். இதே வாரங்களில்தான் என்னைத் தேடிக் கேள்விகளும் வரும். "முட்டை கறுத்துப்போச்சு", "புழுவைக் காணோம்", "கூடு திறக்கவே மாட்டேங்குது." கேள்வி எதுவானாலும் பெரும்பாலும் பதில் இலையில்தான் இருக்கிறது. அந்த இலையில் என்ன தெளித்தார்கள், இலை எத்தனை இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். புழுவைக் கையில் எடுப்பது அப்புறம்.

## விதை முளைக்கவில்லை, முளைத்தது சாய்கிறது

ஜினியா, காஸ்மாஸ் எல்லாம் ஒரு வாரத்தில் தலைகாட்டிவிடும். பத்து நாள் தாண்டியும் வரவில்லை என்றால் ஆழமாகப் புதைத்திருப்பீர்கள், அல்லது எறும்பு தூக்கிப் போயிருக்கும், அல்லது விதை பழசு. மேலே லேசாக மண் தூவி, திரும்ப விதையுங்கள்.

முளைத்த நாற்று அடித்தண்டு மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல். வெறும் கோகோபீட்டில் விதைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினால் இப்படித்தான் ஆகும். சாய்ந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மிச்சத்தை வெயிலும் காற்றும் படும் இடத்துக்கு மாற்றி, மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விடுங்கள்.

சிவப்புடல் அழகி என்ற பட்டாம்பூச்சி முட்டையிடும் ஈஸ்வரமூலிக் கொடியின் கதை வேறு. விதை முளைக்கப் பல வாரம் எடுக்கும். அதைக் கன்றாக வாங்குவதே நல்லது.

## பட்டாம்பூச்சி வருகிறது, முட்டை இடவில்லை

தேன் குடிக்க வருவது வேறு, முட்டை இட வருவது வேறு. முட்டையிட வந்த பெண் பூச்சி பூப்பக்கம் போகாது. இலைக்கு இலை படபடத்து, முன்காலால் தட்டிப் பார்த்து, பிடித்திருந்தால் வயிற்றை வளைத்து ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். அப்படி ஒன்றை நீங்கள் பார்க்கவே இல்லை என்றால் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

செடி பொருத்தமானதா? (அழகி, வரியன், கருப்பன் எல்லாம் பட்டாம்பூச்சி இனங்களின் பெயர்கள்.) எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சை, நார்த்தை, வில்வம். கறிவேப்பிலை அழகிக்குக் கறிவேப்பிலை, எலுமிச்சை. வெந்தய வரியனுக்கு எருக்கு. வெண்புள்ளிக் கருப்பனுக்கு அரளி. சிவப்புடல் அழகிக்கு ஈஸ்வரமூலி அல்லது ஆடுதின்னாப்பாளை. கொன்றையிலும் சீமையகத்தியிலும் மஞ்சளும் வெள்ளையுமான பூச்சிகள் முட்டையிடும். எருக்கை வைத்துக்கொண்டு எலுமிச்சை அழகிக்காகக் காத்திருந்தால் வராது.

தளிர் இருக்கிறதா? எலுமிச்சை, கறிவேப்பிலையில் முட்டையிடும் பூச்சிகள் தளிரைத்தான் தேடும். மார்கழிக் குளிரில் கறிவேப்பிலை அப்படியே நின்றுவிடும், இது நோய் இல்லை. தை கடைசியில் நுனியைக் கிள்ளிவிட்டு, ஒரு பிடி மண்புழு உரம் வையுங்கள். மாசியில் தளிர் விடும்.

வெயில் படுகிறதா? நாள் முழுக்க நிழலில் இருக்கும் பால்கனியில் செடி தழைத்தாலும் பூச்சி வராது. காலை வெயில் விழும் பக்கம் தொட்டியை நகர்த்துங்கள்.

தேன் இருக்கிறதா? நர்சரியில் அடுக்கடுக்காக இதழ் வைத்த பூவைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் தேன் குறைவு, இருப்பதும் எட்டாது. ஒற்றை அடுக்கு ஜினியா, பென்டாஸ், இட்லிப்பூ வாங்குங்கள். கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் வைத்தால் வரியன்களும் கருப்பன்களும் தேடி வரும். தொட்டியில் தானாக முளைக்கும் கிணற்றுப்பாசானைப் பிடுங்காதீர்கள். களை என்று பெயர் வாங்கியிருந்தாலும் சின்னப் பூச்சிகளுக்கு அதைவிட நல்ல பூ மாடியில் கிடையாது.

## முட்டை கறுத்துவிட்டது, அல்லது காணவில்லை

எலுமிச்சை அழகியின் முட்டை குண்டூசித் தலை அளவில் வெளிர்மஞ்சள் உருண்டை. வெந்தய வரியனுடையது இலையின் அடியில், வரிவரியாகக் கோடு ஓடிய சின்ன வெள்ளைக் குடம்.

மூன்று, நான்காம் நாள் முட்டையின் உச்சியில் மட்டும் கறுப்புத் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். அது உள்ளிருக்கும் புழுவின் தலை. முட்டை முழுக்க ஒரே சீராகக் கறுத்து, ஒரு வாரமாகியும் அப்படியே இருந்தால் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவி அதில் முட்டையிட்டுவிட்டது. அதைக் காப்பாற்ற முடியாது. அடுத்த முட்டைகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால், இட்ட அன்றே இலையோடு கிள்ளி மூடிய டப்பாவில் வைப்பதுதான் வழி.

முட்டையே இல்லையா? பொரிந்த புழு முட்டை ஓட்டைத்தான் முதலில் தின்னும். இலையடியில் இரண்டு, மூன்று மில்லிமீட்டரில் ஒரு நூல் துண்டு நகர்கிறதா என்று பாருங்கள்.

## புழுவைக் காணோம்

முதலில் ஒரு கேள்வி: கடைசியாகப் பார்த்தபோது எவ்வளவு பெரிசு?

பெரிசு, சுண்டுவிரல் நீளம் இருந்தது. பயம் வேண்டாம். கூடு கட்ட இடம் தேடிக் கிளம்பியிருக்கும். பலதும் தின்ற செடியிலேயே கூடு கட்டாமல் சுவர், கைப்பிடிக் கம்பி, துடைப்பக்கட்டை, பக்கத்துத் தொட்டியின் விளிம்பு என்று எங்கும் போகும். மாடிக் கதவை அழுத்திச் சாத்துமுன் நிலைப்படியைப் பாருங்கள்.

சின்னது. எறும்பு, சிலந்தி, பல்லி, கும்பிடுபூச்சி, தையல்சிட்டு, தவிட்டுக்குருவி, குளவி என்று எல்லாருக்கும் அது சாப்பாடு. எறும்புக்காகத் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தும் பழக்கம் பலரிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு பெருகும், அப்புறம் தெருவுக்கே புகை அடிக்க வருவார்கள், அந்தப் புகையில் உங்கள் புழுவும் சாகும். ஸ்டாண்டின் காலில் வாஸ்லின் அல்லது கிரீஸைத் தடவுங்கள், செடியின் கிளை சுவரைத் தொடாமல் வெட்டிவிடுங்கள். பறவைக்கும் குளவிக்கும் செடியின் மேல் கொசுவலையைப் போர்த்திக் கீழே கட்டினால் போதும். கட்டுமுன் உள்ளே சிலந்தி இருக்கிறதா என்று ஒருதடவை தட்டிப் பாருங்கள்.

எல்லாப் புழுவும் பிழைக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். குருவிக்கும் குஞ்சு இருக்கிறது. வலைக்குள் சிலது, வெளியே சிலது என்று விடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

## புழு துடிக்கிறது, பச்சையாகக் கக்குகிறது, கொத்தாகச் சாகிறது

இதுதான் அதிகம் வரும் புகார், மனசை அதிகம் வதைப்பதும் இதுதான். நேற்றுவரை நன்றாகத் தின்ற புழுக்கள் ஒரே நாளில் உடம்பை முறுக்கி, வாயிலிருந்து பச்சைத் தண்ணீர் கக்கி, காலை விட்டு விழும். இப்படி ஒரே நேரத்தில் பல புழு செத்தால் நோயைத் தேட வேண்டாம், விஷத்தைத் தேடுங்கள்.

1. வீட்டுக்குள் என்ன எரிகிறது? புழு டப்பா இருக்கும் அறையில் கொசுவர்த்தியோ பிளக்கில் செருகும் கொசு மருந்தோ ஓடுகிறதா? கொசுவைச் சாய்ப்பது புழுவையும் சாய்க்கும். டப்பாவை வேறு அறைக்கு மாற்றுங்கள். செலவே இல்லாத தீர்வு இது, பாதிக் கேஸ் இதிலேயே முடிந்துவிடும்.

2. உங்கள் கை. நாய்க்கு உண்ணி மருந்து தடவிய கை, ஓடோமாஸ் பூசிய கை, கரப்பான் ஸ்பிரே பிடித்த கை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு இலையைத் தொடுங்கள்.

3. தெருவில் புகை அடித்தார்களா? வண்டிச் சத்தம் கேட்டதுமே டப்பாக்களை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துங்கள். செடி மேல் ஈரத்துணி போர்த்துங்கள். மறுநாள் காலை இலைகளை இரண்டு பக்கமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய பிறகே புழுவைத் திரும்ப விடுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் அசோசியேஷன் எப்போது பூச்சி மருந்து அடிக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

4. இலை எங்கிருந்து வந்தது? புழுவுக்குக் காய்கறிக்கடைக் கறிவேப்பிலை ஒருபோதும் வேண்டாம். சமையலுக்கு நாம் எவ்வளவு கழுவினாலும் அதில் புழு சாகும் அளவுக்கு மருந்து மிஞ்சலாம்.

5. "இயற்கை மருந்து" அடித்தீர்களா? வேப்பெண்ணெய் தெளித்த இலையைத் தின்ற புழு உடனே சாகாது. தோலுரிக்கும் நேரத்தில், பழைய தோல் பாதி கழன்று பாதி ஒட்டியபடி நின்றுவிடும். பிடி (Bt) என்ற பெயரில் விற்கும் பாக்டீரியாப் பொடி புழுக்களைக் கொல்வதற்கென்றே உள்ளது. பட்டாம்பூச்சிக்காக வைத்த செடிக்கு இரண்டும் ஆகாது. எருக்கின் நுனியில் மொய்க்கும் மஞ்சள் அசுவினிக்குத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே போதும், அல்லது விரலால் நசுக்கிவிடலாம்.

6. செடி புதுசா? மேலே உள்ள எதுவும் இல்லை என்றால் சந்தேகம் நர்சரிச் செடி மேல். எலுமிச்சைக் கன்றுகளுக்கு வேர் வழியாக ஏறும் மருந்து ஊற்றி வளர்ப்பது உண்டு. அது இலைக்குள்ளேயே இருக்கும், கழுவினால் போகாது, மாதக்கணக்கில் நிற்கும். வாங்கும்போதே "வேர்ல மருந்து ஊத்துனீங்களாண்ணே?" என்று கேளுங்கள். இலையில் ஒரு கடி, ஒரு பூச்சித் தடம்கூட இல்லாமல் பளபளவென்று இருக்கும் கன்றை விட்டுவிட்டு, புழு கடித்த கன்றை எடுங்கள். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? மேல்மண்ணை மாற்றி, கிளைகளை வெட்டிவிட்டு, இரண்டு மூன்று மாதம் வலைக்குள் தனியாக வையுங்கள். புதுத் தளிரில் ஒரே ஒரு புழுவை விட்டு ஒரு நாள் பாருங்கள். அது நன்றாகத் தின்று எச்சமிட்டால் அப்புறம் மற்றவற்றை விடலாம்.

அப்படியும் சாகிறது என்றால் அந்தச் செடியைப் பட்டாம்பூச்சிக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

## புழு அசையாமல் கிடக்கிறது

இங்கேதான் நல்ல புழுவையே செத்ததாக நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தோலுரிக்குமுன் புழு ஒரு நாள்போல அசையாது, தின்னாது, தலைக்குப் பின்னால் கொஞ்சம் வீங்கித் தெரியும். தொடாதீர்கள். பிடித்திருக்கும் பட்டு மெத்தையிலிருந்து பிய்த்தால் தோலைக் கழற்றப் பிடிமானம் இல்லாமல் செத்துப்போகும்.

முற்றிய புழு திடீரென்று நீர்த்த எச்சம் ஒன்றை இடும், உடம்பு சுருங்கும், அங்குமிங்கும் அலையும். வயிற்றுப்போக்கு இல்லை. கூடு கட்டுமுன் குடலைக் காலி செய்கிறது. அந்த எச்சம் ஒருமுறைதான் வரும்.

நோயின் அடையாளம் வேறு. எச்சம் நாள் முழுக்க நீராகவே போகும். புழு தளர்ந்து, கறுத்து, பின்கால் மட்டும் பிடித்தபடி தலைகீழாகத் தொங்கும், தொட்டால் தோல் கிழிந்து கறுப்புத் தண்ணீர் வடியும். பக்கத்தில் உள்ளவற்றுக்கும் ஒட்டும். அந்தப் புழுவை இலையோடு பைக்குள் கட்டிக் குப்பையில் போடுங்கள். டப்பாவைப் பிளீச்சிங் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். மிச்சப் புழுக்களை ஒன்றொன்றாகப் பிரித்து வையுங்கள். காரணம் பெரும்பாலும் இவைதான்: சின்ன டப்பாவில் நெரிசல், அகற்றாத எச்சம், மூடியில் கோக்கும் ஈரம். தினமும் அடியில் விரித்த காகிதத்தை மாற்றினால் இது பெரும்பாலும் வராது.

எலுமிச்சை அழகிப் புழுவின் முதுகை ஈர்க்கால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவட்டைக் கொம்பு ஒன்று நீண்டு, நாரத்தங்காய் அழுகியதுபோல வாடை அடித்தால் புழு திடமாக இருக்கிறது.

## இலை தீர்ந்துவிட்டது

ஓரடித் தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலைக் கன்று இரண்டு மூன்று புழுவைத்தான் தாங்கும். கடைசி நாட்களில் புழு தின்னும் வேகம் முதல் வாரத்தை வைத்துக் கணக்குப் போடுபவரை ஏமாற்றிவிடும். எலுமிச்சையில் வளர்ந்த புழுவுக்கு நார்த்தை இலை கொடுக்கலாம். பாதி வளர்ந்த பிறகு கறிவேப்பிலைக்கு மாற்றினால் சில புழு தொடவே தொடாது. எருக்குக்குக் கவலை இல்லை, காலி மனைகளிலும் ரயில் பாதை ஓரத்திலும் நிற்கும். புழுதி போகக் கழுவி, ஈரம் துடைத்துக் கொடுங்கள். காம்பைப் பாட்டில் தண்ணீரில் நிறுத்தினால் பாட்டில் வாயைப் பஞ்சால் அடையுங்கள், இல்லாவிட்டால் புழு இறங்கி மூழ்கிவிடும்.

## இலை மஞ்சளாகிறது, ஓரம் கருகுகிறது

அடி இலை மட்டும் பழுத்தால் விடுங்கள், அது இயல்பு. செடி முழுக்க வெளுத்தால் உரம் வேண்டும். தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை. ஓரம் கருகி, தொட்டி விளிம்பில் வெள்ளை உப்புப் பூத்திருந்தால் போர் தண்ணீர்தான் குற்றவாளி. டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள், 1000-ஐத் தாண்டிய தண்ணீர் எலுமிச்சைக்கு ஆகாது. ஆர்ஓ கழிவு நீர் அதைவிட மோசம். முதலில் மெட்ரோ தண்ணீரையோ டிரம்மில் பிடித்த மழைத் தண்ணீரையோ தொட்டி நிறைய ஊற்றி அடியில் வடியவிட்டு உப்பைக் கழுவுங்கள். அதிலும் தெளியவில்லை என்றால் மண்ணை மாற்றுங்கள். மாற்றிய பிறகும் பல செடி ஒன்றாகச் சாய்ந்தால், தண்ணீரையும் மண்ணையும் சோதனைக்குக் கொடுத்து, இலையோடு தோட்டக்கலைத் துறை அலுவலரைப் பாருங்கள்.

## கூடு திறக்கவில்லை

வெந்தய வரியனின் கூடு இந்த வெயிலில் ஒரு வாரம் பத்து நாளில் திறந்துவிடும். எலுமிச்சை அழகி பின்பனிக் காலத்தில் சில சமயம் வாரக்கணக்கில் காத்திருக்கும். கூடு பழுப்பாக இருப்பதும் பிரச்சினை இல்லை, பச்சை இலையில் கட்டினால் பச்சை, சுவரிலோ குச்சியிலோ கட்டினால் பழுப்பு.

* விரலில் தொட்டால் வால் பக்கம் லேசாக நெளிகிறதா? உயிரோடு இருக்கிறது, விடுங்கள்.
* கறுத்து, உள்ளே சிறகின் நிறம் கண்ணாடி வழியே போலத் தெரிகிறதா? நாளைக் காலைக்குள் வெளிவரும்.
* கறுத்து, மெத்தென்று ஆகி, நாற்றமடிக்கிறதா? செத்துவிட்டது, அகற்றுங்கள்.
* சின்ன வட்ட ஓட்டை தெரிகிறதா? ஒட்டுண்ணிக் குளவிகள் வெளியேறிவிட்டன.
* வெள்ளை நூல் தொங்கி, கீழே பழுப்பு அரிசிபோல ஏதாவது கிடக்கிறதா? ஒட்டுண்ணி ஈ. அடுத்த தலைமுறைப் புழுவைச் சின்னதாக இருக்கும்போதே வலைக்குள் கொண்டுவாருங்கள்.

கூடு கழன்று விழுந்துவிட்டால்: தலைகீழாகத் தொங்கும் வரியன், கருப்பன் கூடுகளின் வால்காம்பில் தையல்நூலைச் சுற்றி முடிந்து குச்சியில் தொங்கவிடலாம். இடுப்பில் பட்டு இழை கட்டிச் சாய்ந்திருக்கும் அழகி இனங்களுக்குக் காகிதத்தில் சின்னக் கூம்பு செய்து, தலை மேலே வரும்படி அதில் நிறுத்தி, சுவரில் ஒட்டுங்கள். பக்கத்தில் சொரசொரப்பான துணி தொங்கட்டும், வெளிவந்ததும் ஏறப் பிடிமானம் வேண்டும்.

சிவப்புடல் அழகியை மட்டும் டப்பாவில் அடைக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்ற இனம் அது. ஈஸ்வரமூலியை வையுங்கள், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

## சிறகு மடங்கியே இருக்கிறது

கூட்டைவிட்டு வந்ததும் சிறகு கசங்கித்தான் இருக்கும். கீழே சிவப்பாகச் சொட்டுவது ரத்தம் இல்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. வழுக்கும் டப்பாவில் விழுந்து கிடந்தால் உடனே ஒரு சொரசொரப்பான குச்சியில் ஏற்றித் தொங்கவிடுங்கள். முதல் அரைமணி நேரம்தான் கணக்கு. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து இறுகிவிட்டால் யாராலும் நிமிர்த்த முடியாது. பறக்காத பூச்சியை நன்கு பழுத்த வாழைப்பழத் துண்டோடு பூந்தொட்டியில் விடலாம். அடுத்த முறைக்கு, கூடு தொங்கும் இடத்துக்குக் கீழே ஒரு சாண் வெற்றிடம் விடுங்கள், ஏசி அறையில் வைக்காதீர்கள்.

## டாக்டரிடம் போக வேண்டியவை

எருக்கம்பால் கண்ணில் பட்டால் முதலில் வலியே தெரியாமல் இருக்கலாம், அதனால்தான் அது ஆபத்து. கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். சுத்தத் தண்ணீரால் கால் மணி நேரமாவது விடாமல் கழுவிவிட்டு, அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். 1819-ல் தொடங்கப்பட்ட அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது. எருக்கு ஒடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கையால் முகத்தைத் தொடாதீர்கள்.

அரளி இலையையோ பூவையோ குழந்தை வாயில் வைத்தால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், ஒரு கிளையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஈஸ்வரமூலியை மருந்தென்று யாரும் அரைத்துக் குடிக்க விடாதீர்கள், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

முருங்கையில் கும்பலாக இருக்கும் முடி நிறைந்த கம்பளிப்பூச்சிகள் அந்துப்பூச்சி இனம், இந்த வளர்ப்புக்கு உரியவை இல்லை. முடி தோலில் குத்தினால் தேய்க்காமல் செல்லோடேப் ஒட்டி எடுத்துவிட்டுச் சோப்பால் கழுவுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.